பழைய கடைவீட்டில் தரைக்குள் மின் வயர் கொண்டு போவது: பலகைத் தரைக்கும் சிமெண்டுத் தரைக்கும் முழுமையான வழிகாட்டி

மலேசியாவில் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் லெபோ பாசார், லெபோ குவீன் சுற்றுவட்டாரத்தில் நிற்கும் போருக்கு முந்திய கடைவீடுகளைப் புதுப்பிக்கும்போது, சுவரையும் கூரையையும் பற்றி யோசிக்கும் அளவுக்கு மாடித் தரையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. வயர்மேன் வந்து "எந்தப் பக்கம் இழுக்கலாம்?" என்று கேட்கும்போதுதான் பேச்சே எழும். அதற்குள் பெயிண்டும் அடித்திருப்பார்கள். இந்த வீடுகளில் வயர் எந்த வழியாகப் போகும் என்பதைத் தரையின் மரச் சட்டகம்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. அதைப் படித்துவிட்டுப் பிறகு வரைபடம் போட்டால் பாதி வேலை குறையும்.

சட்டப்படி யார் செய்யலாம்

மின்சார விநியோகச் சட்டம் 1990, மின்சார ஒழுங்குமுறைகள் 1994 ஆகியவற்றின் கீழ், எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிவு பெற்ற வயர்மேனும் மின் குத்தகையாளரும்தான் வயரிங் வேலையைச் செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் போராங் ஜி, போராங் எச் என்ற இரண்டு சான்றிதழ்களும் உங்கள் கைக்கு வர வேண்டும். முதலாவது மேற்பார்வைக்கும் வேலை முடிந்ததற்கும், இரண்டாவது சோதனைக்கும் உரியது. மீட்டரில் உள்ள, மின்சாரம் வழங்கும் தெனாகா நேஷனல் நிறுவனத்தின் முத்திரையை யாரும் உடைக்கக் கூடாது. பலகை கழற்றுவது, பாதை குறிப்பது, படம் எடுத்து வைப்பது எல்லாம் வீட்டுக்காரரோ தச்சரோ செய்யலாம். வயரில் கை வைப்பது வயர்மேனின் வேலை.

வீடு யுனெஸ்கோ பாரம்பரிய எல்லைக்குள் (2008இல் அறிவிக்கப்பட்டது) இருந்தால், எதையும் இடிப்பதற்கோ வெட்டுவதற்கோ முன் மாநகர் மன்றத்தின் அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள்.

கழற்றுவதற்கு முன்: பழைய வயர்

இந்த வீடுகளில் மூன்று தலைமுறை வயரிங் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கலாம். மரப் பட்டியில் தகரக் கிளிப் வைத்து அடித்த ரப்பர் வயர்தான் அடி அடுக்கு. ரப்பர் காய்ந்து, தொட்டாலே உதிரும். அதை அசைக்காத வரை தாங்கும். பலகையைப் பெயர்த்த அதிர்விலேயே செம்பு வெளியே தெரிய ஆரம்பிக்கும். அதனுடன் புது வயரை ஒட்டுப் போடவே கூடாது, முழுதாகக் கழற்றி எறிய வேண்டியதுதான். அந்தக் கால விளக்குச் சுற்றுகளில் எர்த் வயரே இல்லாமல் இருப்பதும் உண்டு.

கவனம் தேவைப்படும் இன்னொன்று: வாடகைக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் ஒரே வீட்டைப் பல குடும்பங்கள் பிரித்துக்கொண்டு வாழ்ந்தன. அதனால் துணை மீட்டர் வயர்களோ, பக்கத்து வீட்டிலிருந்து பொதுச்சுவர் வழியாக வந்த வயரோ இன்னும் உயிரோடு இருக்கலாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டோம் என்பதை நம்பிப் பலகைக்கடியில் கை விடாதீர்கள். இருமுனை டெஸ்டரை முதலில் உயிருள்ள இடத்தில் வைத்து வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு வயரைச் சோதியுங்கள். மறுபடி உயிருள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றாவது படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நடுவில் டெஸ்டர் பழுதாகியிருந்தால் அதில்தான் தெரியும்.

நிறம்: மலேசியாவில் வீட்டின் நிலையான வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை அல்லது பச்சை-மஞ்சள் எர்த். மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள வீட்டில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் லைவ். ஆனால் மின்சாதனங்களின் மெல்லிய கேபிளில் நீலம் நியூட்ரல். கடை நடத்திய வீடுகளில் மூன்று ஃபேஸ் இருந்திருக்க வாய்ப்பு உண்டு. ஆகவே நீல வயரைக் கண்டால் லைவ் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உத்திரம் எந்தப் பக்கம் ஓடுகிறது

கடைவீட்டில் தரையைத் தாங்கும் உத்திரங்கள் இரண்டு பொதுச்சுவர்களுக்கும் இடையே, அதாவது வீட்டின் அகலவாக்கில் கிடக்கும். அவற்றின்மேல் பலகைகள் வாசலிலிருந்து பின்கட்டு நோக்கி நீளவாக்கில் ஓடும். கீழ்த்தளத்தில் சீலிங் இல்லையென்றால் அண்ணாந்து பார்த்தாலே தெரிந்துவிடும். சீலிங் அடித்திருந்தால் மேலே பலகையில் ஆணி வரிசையைப் பாருங்கள். பலகைக்குக் குறுக்காக ஆணிகள் ஒரே கோட்டில் எங்கே வருகின்றனவோ, அங்கே அடியில் உத்திரம் இருக்கிறது. கோட்டுக்குக் கோடு அளந்தால் இடைவெளியும் கிடைத்துவிடும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. வயர் அகலவாக்கில் போக வேண்டுமானால் இரண்டு உத்திரங்களுக்கு இடையே உள்ள காலி இடத்திலேயே ஓடிவிடும். எதையும் துளைக்க வேண்டாம், இரண்டு முனையிலும் ஒவ்வொரு பலகை எடுத்தால் போதும். நீளவாக்கில் போக வேண்டுமானால் வழியில் உள்ள ஒவ்வோர் உத்திரத்தையும் துளைத்தாக வேண்டும். 12 மீட்டர் நீள மாடியில் 450 மி.மீ. இடைவெளி என்றால் ஒரு வரிசைக்கு ஏறத்தாழ 26 துளை. நல்ல வேளையாக, நீளவாக்கில் ஓடும் ஒரே ஒரு பலகையை முழுதாக எடுத்தால் அந்த 26 உத்திரங்களும் ஒரே கோட்டில் திறந்துகொள்ளும்.

எந்தப் பலகையை எடுப்பது என்பதிலும் கணக்கு இருக்கிறது. உத்திரத்தில் எங்கு வேண்டுமானாலும் துளை போட முடியாது. பிரிட்டிஷ் கட்டட நடைமுறையில் உள்ள அளவு இது: துளை உத்திர உயரத்தின் நட்டநடுவில் இருக்க வேண்டும், விட்டம் அந்த உயரத்தில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, சுவரிலிருந்து, உத்திர நீளத்தின் 0.25 பங்குக்கும் 0.4 பங்குக்கும் இடையில் விழ வேண்டும். பாரம் ஏறும்போது உத்திரத்தின் மேல்விளிம்பு நசுங்கும், கீழ்விளிம்பு இழுபடும். நடுக்கோட்டில் இவை இரண்டும் இல்லை, அதனால்தான் அங்கே துளை தாங்கும். சுவர் ஓரத்தில் வெட்டுவிசை அதிகம், நீளத்தின் மையத்தில் வளைவு அதிகம். இரண்டையும் தவிர்க்கவே அந்த எல்லை.

உள் அகலம் 5.4 மீட்டர், உத்திர உயரம் 200 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், துளை போடக்கூடிய பட்டை ஒவ்வொரு சுவரிலிருந்தும் 1.35 மீட்டர் முதல் 2.16 மீட்டர் வரை. எடுக்க வேண்டிய பலகையும் அந்தப் பட்டைக்குள் உள்ள ஒன்றுதான். சுவரை ஒட்டிய பலகை சுலபமாகக் கழன்று வரும், வேலையாட்கள் முதலில் அதில்தான் கடப்பாறையை வைப்பார்கள். அங்கே வரிசையாகத் துளைத்தால் வீடு முழுவதும் உத்திரங்கள் பலம் இழந்து நிற்கும்.

வயர் எண்ணிக்கையை முதலில் குறையுங்கள்

ஏர்கான், வாட்டர் ஹீட்டர், பிளக், விளக்கு என்று மாடிக்கு வேண்டிய ஒவ்வொரு சுற்றையும் கீழ்த்தள டிபி பெட்டியிலிருந்து (மின்சாரத்தைச் சுற்றுகளாகப் பிரிக்கும் பெட்டி) தனித்தனியாக இழுத்தால் துளைகளுக்குக் கணக்கே இருக்காது. மாடியில், மாடிப்படி தலைப்புக்குப் பக்கத்தில் ஒரு துணை டிபி வைப்பதுதான் சரி. கீழிருந்து ஒரே ஒரு இணைப்பு: 10 சதுர மி.மீ. லைவ், நியூட்ரல், எர்த், கீழே 40 ஆம்ப் எம்சிபி (அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தானாக விழும் சுவிட்ச்). 25 மி.மீ. பைப்பில் இது அடங்கும், 32 மி.மீ. பைப் போட்டால் இழுப்பது சுலபம்.

வேறொரு காரணமும் உண்டு. கடைவீடு அகலம் குறைவு, நீளம் அதிகம். வாசல் பக்கம் உள்ள டிபியிலிருந்து பின் அறைக்கு 28 மீட்டர் வயர் ஆகிறது என்று வையுங்கள். 2.5 சதுர மி.மீ. வயரில் ஆம்பியருக்கு, மீட்டருக்கு 18 மில்லிவோல்ட் இழப்பு. 20 ஆம்பியர் ஓடினால் 18 × 20 × 28, அதாவது சுமார் 10 வோல்ட். 230 வோல்ட்டில் இது 4.4 விழுக்காடு. 4 விழுக்காட்டுக்குள் நிறுத்துவது வழக்கம். அதே தூரத்துக்கு 4 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 6 வோல்ட்டுக்குச் சற்று மேல், பிரச்சினை இல்லை. பின்பக்கம் போட்ட ஏர்கான் கம்ப்ரசர் முனகிக்கொண்டே கிளம்புகிறதென்றால், பழி ஏர்கான்மேல் விழும்; குற்றம் பெரும்பாலும் இந்த வயர்மேல் இருக்கும்.

அடுத்தது சூடு. ஒரே பைப்பில் பல சுற்றுகளை அடைத்தால் ஒன்றின் வெப்பம் மற்றதை ஏற்றும். பைப்பில் போட்ட 2.5 சதுர மி.மீ. பிவிசி வயரின் திறன் 30 பாகையில் 24 ஆம்பியர். சீலிங்குக்கும் பலகைக்கும் இடையே மதியத்தில் 40 பாகை என்றால் 0.87ஆல் பெருக்க வேண்டும்: 20.9. ஒரு சுற்று மட்டும் இருந்தால் 20 ஆம்ப் எம்சிபிக்குச் சரி. இரண்டு சுற்று சேர்ந்தால் இன்னும் 0.8ஆல் பெருக்க, 16.7 ஆகிவிடும். எம்சிபி 20இல் நிற்க, வயரோ 16.7க்கு மேல் வேகும். எம்சிபி விழாது, பிவிசி மெதுவாகக் கருகும். ஆகவே ஒரு பைப்புக்கு ஒரு சுற்று, அல்லது 4 சதுர மி.மீ. வயர். 20 மி.மீ. பைப்பில் 2.5 வயர் ஆறு வரை உள்ளே போகும் என்பது இட அளவு மட்டுமே. வெப்பக் கணக்கு வேறு.

பலகையை எடுப்பது

பழைய பலகைகள் செங்கால் போன்ற கடின மரம். காய்ந்து இறுகிப் போனவை. பக்கவாட்டில் ஒன்றின் நாக்கு அடுத்ததன் காடியில் (பள்ளத்தில்) கோத்திருந்தால் ஒன்றை இழுத்தால் பக்கத்துப் பலகையும் சேர்ந்து பிளக்கும். வட்ட ரம்பத்தின் ஆழத்தைப் பலகைத் தடிமனுக்கு மட்டும் வைத்து, நாக்கு உள்ள இணைப்புக் கோட்டில் ஓட்டி நாக்கை அறுத்துவிடுங்கள். ஆழம் ஒரு மி.மீ. கூடினாலும் அடியில் உள்ள பழைய வயர் போய்விடலாம். ஆகவே மின்சாரத்தை அணைத்துச் சோதித்த பிறகே ரம்பம். ஆணிகளைப் பிடுங்கி எடுக்க முயன்று பலகையைக் கெடுப்பதைவிட, ஆணித் தலையைச் சுற்றிச் சிறு துளைக் குழலால் குடைந்து எடுப்பது மேல்.

ஒவ்வொரு துண்டுக்கும் அடிப்பக்கத்தில் எண்ணும் வாசல் திசை காட்டும் அம்பும் எழுதுங்கள். திரும்பப் பொருத்தும்போது ஆணி வேண்டாம். முன்துளை போட்டு, பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி போடுங்கள். முன்துளை இல்லாமல் கடின மரத்தில் பித்தளைத் திருகாணியை ஏற்றினால் தலை முறிந்துபோகும்.

திறந்தவுடன் உத்திரத்தின் சுவர் முனைகளை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மழைநீர் இறங்கும் சுவரில் முனை மக்கியிருக்கும், கறையான் உள்ளே வெற்றிடமாக்கியிருக்கும். மெத்தென்று இறங்கினால் அந்த உத்திரத்தில் துளை போடும் பேச்சே வேண்டாம், முதலில் தச்சர் வரட்டும். கறையான் மருந்தில் கரைப்பான் கலந்திருந்தால் பிவிசியைத் தாக்கும். முழுதாகக் காய்ந்த பிறகே பைப்பை வையுங்கள். சத்தம் அடக்க பாலிஸ்டைரீன் அட்டை போடுவதாக இருந்தால் அது வயரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டால் வயரின் உறை மெதுவாகக் கெட்டியாகி வெடிக்கும்.

துளை

உத்திரங்களுக்கு இடையே சாதாரண டிரில் நுழையாது. தலை மடங்கிய, மெதுவாகச் சுற்றும், பலமான டிரில் தேவை. 20 மி.மீ. வளையும் பைப்புக்கு 25 மி.மீ. திருகு அலகு. பக்கக் கைப்பிடி இல்லாமல் பிடிக்காதீர்கள், கடின மரத்திலோ பழைய ஆணியிலோ அலகு மாட்டினால் மணிக்கட்டு திருகிவிடும். சுண்ணாம்பு நூலால் கோடு போட்டு, எல்லாத் துளைகளையும் ஒரே கோட்டில் வையுங்கள். ஒன்று 10 மி.மீ. விலகினாலும் பைப் அங்கே முரண்டு பிடிக்கும்.

பக்கத்துப் பக்கத்தில் பல துளை வேண்டுமானால் மையத்துக்கு மையம் விட்டத்தைப் போல மூன்று மடங்கு விலகல்: 25 மி.மீ. துளைக்கு 75 மி.மீ. 200 மி.மீ. அகலப் பலகை ஒன்றை எடுத்தால் மூன்று வரிசை போட்டுவிடலாம்.

உத்திரத்தின் மேலே காடி வெட்டி வயரைப் பதிப்பது வேகமான வழி. அதனாலேயே பழைய வீடுகளில் எங்கும் அதைக் காணலாம். காடியில் கிடக்கும் வயருக்கும் பலகைக்கும் இடையே ஒன்றுமில்லை. அடுத்து யாரோ அடிக்கும் ஆணி நேராக லைவில் இறங்கும். உத்திரத்தின் மேல்விளிம்பிலிருந்தும் கீழ்விளிம்பிலிருந்தும் வயர் 50 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். வேறு வழியே இல்லையென்றால் எர்த் செய்த இரும்புப் பைப்பில் வயரைப் போடுங்கள். காடியின் ஆழம் உத்திர உயரத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். உத்திரத்தின் அடிப்பக்கம் காடி வெட்டுவது எந்தச் சாக்கிலும் கூடாது.

பைப்பும் வயரும்

விறைப்பான பிவிசி பைப்பை வரிசைத் துளைகளில் நுழைக்க முடியாது. உத்திர இடைவெளி அளவுக்கு அறுத்து, ஒவ்வொரு இடைவெளியிலும் இணைப்பான் போட வேண்டியிருக்கும். 26 துளைக்கு 26 இணைப்பு, ஒன்று பசை விட்டாலும் வயர் அங்கே மாட்டும். வளையும் கனரகப் பைப்பை ஒரே துண்டாக இழுப்பது மேல். பைப்பே இல்லாமல் உறை போட்ட கேபிளை நேராக இழுப்பவர்களும் உண்டு. எலி இல்லாத கடைவீடு பினாங்கில் எங்கே இருக்கிறது?

வயரை இழுக்க நைலான் நாடாவும், வயர் இழுப்பதற்கென்று விற்கும் ஜெல்லும் போதும். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், காய்ந்ததும் வயரைப் பைப்போடு ஒட்டிவிடும். தரைக்கடியில் ஒட்டு என்பதே இருக்கக் கூடாது. தவிர்க்க முடியாத இடத்தில் மூடியுள்ள பெட்டி வைத்து, மேலே உள்ள பலகையைத் தனியாகக் கழற்றும்படி அறுத்து விடுங்கள்.

கீழ்த்தளத்தில் சீலிங் இல்லாமல் உத்திரம் அழகாகத் தெரியும் வீட்டில் எதையும் மறைக்க முடியாது. அங்கே உத்திரத்தின் பக்கவாட்டில், மேல் மூலையில் இரும்புப் பைப்பை நேர்கோட்டில் ஓட விடுங்கள். ஒளிக்க முயன்று கோணலாகப் போன வெள்ளைக் கேசிங்கைவிட அது நூறு மடங்கு தேவலை.

தரையைத் துளைத்து வயர் கீழே இறங்கும் இடத்தில் குழல் ஒன்று போட்டு, மேலே 50 மி.மீ. நீட்டி விடுங்கள், துடைக்கும் தண்ணீர் கீழே இறங்காது. குழலைச் சுற்றியுள்ள இடைவெளியைத் தீயில் உப்பி அடைக்கும் சீலன்டால் நிரப்ப வேண்டும். கீழே கடை, மேலே குடும்பம் என்ற வீட்டில் இது மிக முக்கியம். சுவரில் இறக்கும்போது, பொதுச்சுவரில் படுக்கைவாட்டில் வெட்டாதீர்கள்: பக்கத்து வீட்டின் உத்திர முனையும் அதே சுவரில்தான் உட்கார்ந்திருக்கிறது. வெட்டிய இடத்தைச் சுண்ணாம்புக் காரையாலேயே பூசுங்கள், சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டுப் பக்கத்துப் பூச்சு உதிரும்.

சிமெண்டுத் தரை

கீழ்த்தளத்தில் தரைக்கடியில் வயர் வேண்டாம். நிலத்தின் ஈரம், கசிவு, வெள்ளம் மூன்றும் பைப்பில் தண்ணீரைச் சேர்க்கும். 2017 நவம்பர் வெள்ளத்தில் பினாங்கு பட்ட பாடு நினைவிருக்கும். மேலிருந்து சுவர் வழியாக இறக்கி, தண்ணீர் ஏறும் பகுதியானால் பிளக்கை இடுப்பளவு உயரத்தில் வையுங்கள். அறை நடுவில் சமையல் மேடை வைப்பது போல, தரை வழியாகத்தான் போக வேண்டும் என்றால் ஒற்றை பிவிசி வயருக்குப் பதில் உறையுள்ள கேபிளோ கவசக் கேபிளோ போடுங்கள்.

கோலாலம்பூரில் 1970களின் தொடர்வீடுகளில் மாடித் தளம் பெரும்பாலும் கம்பி கட்டிய கான்கிரீட். அதில் காடி வெட்டினால் கம்பி அறுபடும். ஓடு மாற்றும்போது பழைய ஓட்டையும் மேற்பூச்சையும் எடுத்த இடத்தில், தளத்தின்மேல் பைப்பைப் பதிக்கலாம்: 20 மி.மீ. பைப், அதன்மேல் குறைந்தது 25 மி.மீ. பூச்சு என்று மொத்தம் 45 மி.மீ. கிடைக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். கிடைக்காவிட்டால் பைப் போகும் கோட்டிலேயே ஓடு வெடிக்கும். இங்கே வளையும் பைப் கூடாது, சிமெண்டுப் பாரத்தில் நசுங்கும். கனரக விறைப்பு பைப்பை மீட்டருக்கு ஒரு கிளிப் வைத்துத் தளத்தில் இறுக்கி, பூச்சுக்கு முன் நாடாவை உள்ளே ஓட்டிப் பார்த்து, இரண்டு முனையையும் அடைத்துவிடுங்கள். அந்தக் கால வீடுகளின் சீலிங் அட்டை அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதைக் காய்ந்தபடி துளைக்கவோ உடைக்கவோ வேண்டாம்.

மூடுவதற்கு முன்னும் பின்னும்

மூடுவதற்கு முன் ஒவ்வொரு பைப் கோட்டையும் சுவரிலிருந்து அளவு நாடா வைத்துப் படம் எடுங்கள். அளவு நாடா இல்லாத படம் பத்து வருடம் கழித்து யாருக்கும் உதவாது.

மெக்கர் (வயர் உறையின் காப்புத் திறனை அளக்கும் கருவி) வைத்து 500 வோல்ட்டில் இன்சுலேஷன் பாருங்கள், மின்னணுச் சாதனங்களைக் கழற்றிவிட்டு. 1 மெகாஓம் குறைந்தபட்ச அளவு. ஆனால் புது வயர் நூறைத் தாண்ட வேண்டும். 3 அல்லது 5 காட்டினால் தாள் கணக்கில் தேறியிருக்கலாம், எங்கேயோ உறை கீறியிருக்கிறது. பிறகு எர்த் தொடர்ச்சி, லைவ்-நியூட்ரல் சரிபார்ப்பு, ஆர்சிடி (மின் கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்). ஒழுங்குமுறையின்படி கையில் பிடிக்கும் சாதனங்களின் பிளக் சுற்றுக்கு 30 மில்லிஆம்ப், வாட்டர் ஹீட்டர் போல ஈரத் தரையுள்ள இடத்துக்கு 10 மில்லிஆம்ப். 30 மில்லிஆம்ப் ஆர்சிடி அதே அளவு கசிவில் 300 மில்லிவினாடிக்குள் விழ வேண்டும். பரிசோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பது மட்டும் போதாது, நேரம் அளக்கும் கருவியால் பார்க்கச் சொல்லுங்கள்.

பலகையைத் திருகாணி போட்டு மூடிய பிறகு, அதே மெக்கர் சோதனையை மறுபடி செய்யுங்கள். திருகாணி வயரைத் துளைப்பது அப்போதுதான் நடக்கும். மூடுவதற்கு முன் 200 காட்டிய சுற்று இப்போது 0.3 காட்டினால், கடைசியாக ஏற்றிய திருகாணிகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்து பாருங்கள். குற்றவாளி பெரும்பாலும் சுவர் ஓரத்தில், பைப் மேலே திரும்பும் வளைவில் இருப்பான்.